பழைய கேஸ் பார்பிக்யூ அடுப்பை மீட்டெடுப்பது: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது

பழைய கேஸ் பார்பிக்யூ அடுப்பு ஒன்று கைக்கு வந்ததும் பலர் நேராக ஹார்ட்வேர் கடைக்குப் போய் ஒரு டின் கறுப்புப் பெயிண்ட் வாங்கிவிடுகிறார்கள். வேலை கெடுவது அங்கேதான். வெளிப்புறம் பளபளக்கும், உள்ளே பர்னர் ஓட்டையாக இருக்கும், வால்வு கசியும். சில மாதத்தில் அடுப்பு பழைய இரும்புக் கடைக்கே திரும்பிப் போகும்.

சரியான வரிசை இது: உடம்பு தேறுமா என்று பார்ப்பது, முழுவதும் பிரிப்பது, கழுவுவது, கேஸ் போகும் வழியைச் சரிசெய்வது, சூட்டைப் பரப்பும் பாகங்களை மாற்றுவது. பெயிண்டும் மரவேலையும் அதற்கப்புறம். ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்துக்குப் பணம் செலவழிக்கலாமா என்பதைச் சொல்லிவிடும். அதனால்தான் வரிசையை மாற்றக் கூடாது.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

அடைப்புக்குறடு (சாக்கெட் ஸ்பேனர்) செட் இரண்டு வேண்டும், ஒன்று மில்லிமீட்டரில், ஒன்று அங்குலத்தில். அமெரிக்க அடுப்புகளின் நட்டும் போல்ட்டும் அங்குல அளவு. நம் வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் குறடு கிட்டத்தட்ட பொருந்துவதுபோல் இருக்கும்; அழுத்தித் திருகினால் போல்ட்டின் தலை உருண்டையாகிவிடும்.

அதோடு துரு இளக்கும் எண்ணெய், நைலான் பிரஷ், பித்தளைக் கம்பி பிரஷ், பிளாஸ்டிக் சுரண்டி, சமையல் சோடா, பாத்திரம் கழுவும் திரவம், ஒரு காந்தம், கையடக்க டார்ச், சிறு பிளாஸ்டிக் பைகள், மார்க்கர் பேனா ஆகியவற்றை எடுத்து வையுங்கள். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் கட்டாயம். கம்பிச் சக்கரத்தைச் சுழற்றும்போது அறுந்து பறக்கும் கம்பி கண்ணுக்குத் தெரியாது, தோலில் ஏறிய பிறகுதான் தெரியும்.

இடம்தான் பலர் மறப்பது. கொண்டோ பால்கனியில் இந்த வேலை ஆகாது. பல நிர்வாகங்கள் அங்கே கேஸ் அடுப்பையே அனுமதிப்பதில்லை. தரைவீட்டின் கார் நிறுத்துமிடம் கழுவவும் பிரிக்கவும் பரவாயில்லை. ஆனால் கேஸ் சோதனையை வெட்டவெளியில், கால்வாயிலிருந்து தள்ளி வைத்துச் செய்யுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து கால்வாய்க்குள் இறங்கித் தேங்கும்.

2. எங்கே தேடுவது, எதை வாங்குவது

கோலாலம்பூரில் நல்ல பழைய அடுப்புகள் வெளிநாட்டுக்காரர்கள் குடியிருக்கும் பகுதிகளிலிருந்துதான் வெளியே வருகின்றன: மோன் கியாரா, பங்சார், டாமன்சாரா ஹைட்ஸ், அம்பாங்கில் தூதரக வீடுகள் உள்ள பக்கம். பினாங்கில் தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி. ஒப்பந்தம் முடிந்து நாடு திரும்புபவர்கள் கடைசி வாரத்தில் மலிவாக விற்பார்கள், சில சமயம் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். மூடா, கரோசல் போன்ற தளங்களில் 'வீடு மாற்றம்' என்று போட்டிருக்கும் விளம்பரங்களைப் பாருங்கள். பினாங்கு லோரோங் கூலிட் சந்தையிலும் எப்போதாவது ஒன்று கண்ணில் படும், பெரும்பாலும் பாதிப் பாகங்கள் இல்லாமல்.

முதல் அடுப்பாக வெபர் ஜெனசிஸ் பழைய மாடலைத் தேடச் சொல்வேன். அது 1985இல் வந்தது. அடிப்பெட்டி வார்ப்பு அலுமினியம், மூடி எனாமல் பூசிய எஃகு, அதன் இரு பக்கவாட்டும் அலுமினியம், மூன்று பர்னர்களும் இடமிருந்து வலமாக ஓடும். எரிமலைக் கல்லுக்குப் பதிலாகக் கூரைபோல் மடித்த வெப்பத் தகடுகள் பர்னருக்கு மேலே இருக்கும். இந்த அமைப்பு பல ஆண்டுகள் பெரிதாக மாறாமல் வந்ததால் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

எரிமலைக் கல் போட்ட சார்பிராயில், சன்பீம் வகை அடுப்புகளும் மீட்கத் தகுந்தவைதான். ஆனால் அந்தக் கல்லைக் கழுவி மறுபடி போடாதீர்கள். பல வருடக் கொழுப்பு அதன் துளைகளுக்குள் ஊறியிருக்கும், சூடேறியதும் தீப்பிடிக்கும். புதுக் கல் வாங்கிப் போடுங்கள்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவற்றில் பெரும்பாலும் வார்ப்பிரும்பு பர்னரும், ஒரு பக்கம் தோசைக்கல் போன்ற தட்டை இரும்பும் இருக்கும். கனமானவை, ஆனால் உழைப்பவை. புதிதாகத் தொடங்குபவர் கையில் மிகக் குறைவாகக் கெடுவது இந்த வகைதான்.

3. வாங்கும் இடத்திலேயே பார்க்க வேண்டியவை

மூடியைத் திறந்து தட்டுகளை வெளியே எடுத்துவிட்டு அடிப்பெட்டிக்குள் டார்ச் அடியுங்கள். வார்ப்பு அலுமினியத்தில் ஓட்டை, விரிசல், உருகி வழிந்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும்; கொழுப்புத் தீ கட்டுக்கடங்காமல் எரிந்த அடுப்பில் அடிப்பெட்டியின் விளிம்பு வளைந்து தொங்கும். அப்படியிருந்தால் உதிரிப் பாகங்களுக்காக மட்டும் வாங்குங்கள்.

வெள்ளைப் பொடி பூத்திருந்தால் பயப்பட வேண்டாம். அது அலுமினியத்தின் ஆக்சைடு, தேய்த்தால் போய்விடும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். நுனி உள்ளே இறங்கினால் உலோகமே அரித்துப்போயிருக்கிறது. மேலோடு நின்றால் வெறும் பூப்புதான்.

மூடியின் உட்புறத்தில் கறுப்புச் செதில் உரிந்து தொங்கினால் 'பெயிண்ட் உரிகிறது' என்று விற்பவரே விலையைக் குறைப்பார். அது பெயிண்ட் இல்லை, கருகிப் படிந்த கொழுப்பும் புகையும். சுரண்டினால் கீழே எனாமல் நல்லபடியாக இருக்கும். ஆனால் வெளிப்புறத்தில் எனாமல் சில்லு பெயர்ந்து துரு பரவியிருந்தால் வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது. எனாமல் என்பது உலையில் சுட்டு ஒட்டவைத்த கண்ணாடி. பெயிண்டால் அதை ஈடுகட்ட முடியாது.

தள்ளுவண்டிச் சட்டத்தின் கால்களைத் தரையோடு பார்க்க மறக்காதீர்கள். மழைத்தண்ணீர் குழாய்க்கால்களுக்குள் இறங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும், வெளிப் பெயிண்ட் அப்படியே இருக்கும். சாவியால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மொத்தென்று சத்தம் தரும்.

தகடு, கம்பித்தட்டு, பர்னர் ஆகியவை கெட்டிருப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். அவை எப்படியும் மாற்ற வேண்டியவை. அடிப்பெட்டியும் மூடியும்தான் அடுப்பு.

4. எந்தக் கேஸுக்குச் செய்தது என்று கண்டுபிடிப்பது

இதைத் தெரிந்துகொள்ளாமல் தோம்பை (கேஸ் சிலிண்டரை) மாட்டவே கூடாது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒரே மாடல் இரண்டு விதமாக விற்கப்பட்டது: தோம்பு கேஸுக்கு ஒன்று, குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவுக்கு ஒன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றே.

வித்தியாசம் வால்வு நுனியில் கேஸைப் பீய்ச்சும் ஜெட்டின் துளையில். மணிக்கு ஏறக்குறைய 12,000 பிடியூ (வெப்ப அலகு) தரும் பர்னருக்குத் தோம்பு கேஸ் ஜெட்டின் துளை 1 மி.மீ. அளவில் இருக்கும். இயற்கை எரிவாயு ஜெட்டில் அது 1.5 மி.மீ.க்கும் மேல். பெரிய துளை வழியாகத் தோம்பு கேஸை விட்டால் சுடர் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகி, மூடியைத் திறந்தவரின் முகத்துக்கு வரும்.

அடையாளத் தகட்டைத் தள்ளுவண்டியின் பின்புறத்திலோ உட்புறத்திலோ தேடுங்கள். கேஸ் வகையும் அழுத்தமும் அதில் அச்சிட்டிருக்கும். தகடு இல்லையென்றால் ஜெட்டைக் கழற்றி, அளவு தெரிந்த டிரில் பிட்டின் பின்முனையைத் துளையில் நுழைத்துப் பார்க்கலாம். நுழைத்துப் பார்ப்பதோடு நிறுத்துங்கள், சுழற்றக் கூடாது.

இயற்கை எரிவாயு ஜெட் என்று தெரிந்தால் அந்த மாடலுக்கான தோம்பு கேஸ் ஜெட்டை வரவழையுங்கள். துளையை ஈயம் வைத்து அடைத்து மறுபடி துளைத்துக் கொடுப்பதாகச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். சரியான ஜெட் கிடைக்கவில்லையென்றால், எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற கேஸ் தொழில்நுட்பரிடம் கொடுத்துவிடுங்கள்.

5. படம் எடுத்துக்கொண்டே பிரிப்பது

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் கைபேசியில் இரண்டு படம் எடுங்கள், ஒன்று தூரத்திலிருந்து, ஒன்று கிட்டத்தில். பர்னர்கள், வால்வுகள், பற்றவைக்கும் கம்பி ஆகிய இடங்களில் இன்னும் அதிகமாக எடுங்கள். வேலை வாரக்கணக்கில் இழுக்கும். எந்த வாஷர் எந்தப் பக்கம் என்பது நிச்சயம் மறந்துபோகும்.

போல்ட்டுகளை இடம்வாரியாகத் தனித்தனிப் பைகளில் போட்டு மேலே எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி வைப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. நீளம் கொஞ்சம் கூடிய போல்ட் ஒன்று தவறான இடத்தில் ஏறினால் வார்ப்பு அலுமினியத்தை உள்ளிருந்து பிளந்துவிடும்.

கழற்றும் வரிசை: கம்பித்தட்டு, வெப்பத் தகடு, பக்கமேசை, கேஸைத் திருப்பும் கைப்பிடிகள், மேனிஃபோல்டும் (வால்வுகளுக்குக் கேஸைப் பிரித்துவிடும் குழாய்) வால்வுகளும், பர்னர்கள், மூடி, கடைசியில் அடிப்பெட்டி. மூடியை எடுக்கும்போது இரண்டு பேர் இருங்கள். கீல் ஊசி ஒன்றை உருவியதும் பாரம் மறுபக்கம் சாய்ந்து எனாமல் தரையில் மோதும்.

எண்பதுகளுக்கு முந்தைய அடுப்பில் மூடியின் விளிம்பில் சாம்பல்நிற நார்ப்பட்டை இருந்தால் கை வைக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்புண்டு. அந்த அடுப்பை விட்டுவிடுவதே நல்லது.

6. பிடித்துப்போன போல்ட்

இந்த வேலையில் பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுதான். இரும்பு போல்ட்டும் அலுமினியப் பெட்டியும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு நடக்கும். இரண்டு உலோகமும் வெல்டிங் செய்ததுபோல் ஒன்றாகிவிடும். பினாங்கில் கடலோர வீட்டில் இருந்த அடுப்பில் இது நிச்சயம் இருக்கும்.

வழி இப்படி. முதல் நாள் மாலை துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள், மறுநாள் காலை இன்னொரு முறை. மதியம் குறடை மாட்டி, திறக்கும் பக்கம் இல்லாமல் முதலில் இறுக்கும் பக்கம் சிறிது அசையுங்கள். அந்தச் சிறு அசைவு துருவின் பிடியை உடைக்கும். அப்புறம் திறக்கும் பக்கம் கால் சுற்று, மறுபடி இறுக்கும் பக்கம், மறுபடி எண்ணெய். முன்னும் பின்னுமாகத்தான் வெளியே வரும். ஒரே மூச்சில் திருகினால் தலை கையோடு வந்துவிடும், உடல் உள்ளேயே நிற்கும்.

அப்படியும் அசையவில்லையென்றால் சூடு. எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சிறு டார்ச் சுடரால் சூடாக்குங்கள், போல்ட்டை அல்ல. அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும், அதனால் துளை தளரும். சுடரை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். அலுமினியம் சிவக்காமலே உருகத் தொடங்கிவிடும், கண்ணுக்கு முன்னறிவிப்பு கிடைக்காது.

தலை உடைந்துவிட்டால் நடுவில் குத்துப்புள்ளி வைத்து, மெல்லிய பிட்டில் தொடங்கித் துளைத்தெடுங்கள். திருப்பி மாட்டும்போது எவர்சில்வர் போல்ட் போட்டு, புரியில், பிடித்துப்போகாமல் தடுக்கும் நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசை தடவுங்கள். அடுத்த முறை பிரிக்கும்போது அந்தப் பசையின் அருமை தெரியும்.

7. கழுவுவது: ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு முறை

கழுவுவதை ஒரே மருந்தில் முடிக்கப் பார்ப்பவர்கள்தான் நல்ல அடுப்பைக் கெடுக்கிறார்கள். அடுப்பு சுத்தம் செய்யும் ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் காஸ்டிக் சோடா இருக்கும். அது கொழுப்பைக் கரைக்கும், கூடவே அலுமினியத்தையும் தின்னும். நுரைத்துப் பொங்கினால் 'நன்றாக வேலை செய்கிறது' என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் அலுமினியம் கரைந்து ஹைட்ரஜன் வெளியேறுகிறது.

அலுமினிய அடிப்பெட்டி: முதலில் பிளாஸ்டிக் சுரண்டியால் காய்ந்த கொழுப்பை உரித்தெடுங்கள். மீதியை வெந்நீர், பாத்திரம் கழுவும் திரவம், நைலான் பிரஷ். வெள்ளைப் பூப்புக்கு நைலான் நார்த்தேய்ப்பான் போதும். உட்புறத்தைப் பளபளப்பாக்க வேண்டியதில்லை. அங்கே பெயிண்டும் அடிக்கக் கூடாது.

எனாமல் மூடி: சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, கெட்டியாகப் பூசி, இரவு விட்டுவிடுங்கள். காலையில் பிளாஸ்டிக் சுரண்டி. கம்பிச் சக்கரம், எமரித் தாள் இரண்டும் வேண்டாம். கண்ணாடிப் பரப்பில் விழும் கீறல் மறையாது. சிவப்பு மூடி என்றால் இன்னும் கவனமாக இருங்கள், கீறல் தூரத்திலிருந்தே தெரியும்.

பூச்சில்லாத வார்ப்பிரும்பு: இதற்கு மட்டும் காஸ்டிக் சோடா கரைசல் பொருந்தும். கொழுப்பு போனபின் துருவுக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு, சில மணி நேரம் மட்டும். இரவு முழுக்க ஊறவைத்தால் இரும்பும் அரிபடும். காஸ்டிக் கரைக்கும்போது சோடாவைத் தண்ணீரில் போடுங்கள், தண்ணீரைச் சோடாவில் ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும்.

8. பர்னரும் அதன் வாயும்

பர்னரின் வால்வுப் பக்க வாயை வென்சுரி என்பார்கள். கேஸ் ஜெட்டிலிருந்து பாயும்போது அங்கேதான் காற்றை இழுத்துக்கொள்ளும். ஓரிரு மாதம் சும்மா கிடந்த அடுப்பில் சிலந்தி வலை, குளவியின் மண்கூடு, சில நேரம் பல்லி முட்டை எல்லாம் இதற்குள் இருக்கும். அடைப்பு இருந்தால் கேஸ் பின்பக்கம் வழிந்து, கைப்பிடிகளுக்குப் பின்னால் தீப்பிடிக்கும். நம் ஊரில் பழைய அடுப்பு தீப்பற்றியது என்று கேள்விப்பட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

நீளமான, வளையும் பிரஷ்ஷை உள்ளே விட்டு முழு நீளத்துக்கும் இழுங்கள். ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். பர்னர் துளைகளை, துளையைவிட மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்துங்கள். டிரில் பிட் வேண்டாம். துளை பெரிதானால் அந்த இடத்தில் மட்டும் சுடர் ஓங்கி, பக்கத்துத் துளைகள் பட்டினி கிடக்கும்.

இரண்டு துளைகளுக்கு நடுவில் உலோகம் அரித்து ஒரே பிளவாக ஆகியிருந்தால் அந்த பர்னர் முடிந்தது. வெல்டிங் வைத்து அடைக்கப் பார்க்காமல் புதிது போடுங்கள். வாங்கும்போது காந்தத்தை எடுத்துப் போங்கள்: 430 ரக எஃகில் காந்தம் நன்றாக ஒட்டும், 304 ரகத்தில் ஒட்டாது அல்லது மிக லேசாக இழுக்கும். இங்குள்ள ஈரத்துக்கு 304 தான் தாங்கும்.

பழைய ஜெனசிஸில் பற்றவைக்கும் பொறி முன் பர்னருக்கு மட்டும்தான். அங்கிருந்து ஒரு குறுக்குக் குழாய் மற்ற இரண்டுக்கும் தீயைக் கொண்டுபோகும். அந்தக் குறுக்குக் குழாயையும் மறக்காமல் சுத்தம் செய்யுங்கள். பொறியே வரவில்லையென்றால் அதற்காக அலைய வேண்டாம். நீளமான லைட்டர் போதும், பாகம் கிடைக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.

9. வால்வு, ரெகுலேட்டர், குழாய்

பழைய ரப்பர் குழாயையும் ரெகுலேட்டரையும் தூக்கிப் போடுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும். குழாயின் வெளித்தோல் நன்றாக இருக்கும்போதே உள்தோல் வெடித்திருக்கும்.

இங்கே கிடைக்கும் தோம்பின் வாயும் வெளிநாட்டு அடுப்பின் இணைப்பும் பொருந்தாது. அதனால் தோம்புப் பக்கம் முழுவதையும் உள்ளூர் பாகங்களாக மாற்றுவதுதான் முறை: சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ள குறைந்த அழுத்த ரெகுலேட்டர், சிரிம் முத்திரை உள்ள கேஸ் குழாய், அடுப்பின் மேனிஃபோல்ட் முனைக்குப் பொருந்தும் பித்தளை நிப்பிள், இரு முனையிலும் கவ்வி. நிப்பிளுக்கு மேனிஃபோல்டையே கையில் எடுத்துக்கொண்டு கேஸ் உபகரணக் கடைக்குப் போங்கள். அளவைச் சொல்லி வாங்கினால் இரண்டு தடவை அலைய வேண்டியிருக்கும். ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் இணைப்புகள் சிலவற்றில் இடப்புரி இருக்கும், அவை வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். புரி தெரியாமல் பலம் போடாதீர்கள்.

அமெரிக்கத் தோம்பு கேஸ் அடுப்புகள் 11 அங்குல நீர் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை. அது ஏறக்குறைய 2.74 கிலோபாஸ்கல், அதாவது 27 மில்லிபாருக்குச் சற்று மேல். வீட்டு அடுப்புக்கான ரெகுலேட்டரின் உடம்பில் அச்சிட்டிருக்கும் எண் இதை ஒட்டி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய மூன்று பர்னர் ஜெனசிஸ் மணிக்கு ஏறக்குறைய 36,000 பிடியூ எரிக்கும், அதாவது முழுத் தீயில் மணிக்கு முக்கால் கிலோ கேஸ். ரெகுலேட்டரில் எழுதியிருக்கும் கொள்ளளவு மணிக்கு ஒரு கிலோவுக்குக் குறையக் கூடாது.

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்: பாசார் மாலாம் கடைகளிலும் கோயில் அன்னதானச் சமையலிலும் பெரிய அடுப்புக்கு மாட்டும் அதிக அழுத்த ரெகுலேட்டரை இதற்கு மாட்டாதீர்கள். 'தீ பத்தல, இதப் போட்டா நல்லா எரியும்' என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். பார்பிக்யூ வால்வு அந்த அழுத்தத்துக்குச் செய்யப்படவில்லை. தீ பத்தாததற்குக் காரணம் பெரும்பாலும் ஜெட்டிலோ வென்சுரியிலோ இருக்கும் அடைப்புதான்.

திருகு இறுகிய வால்வை வலிந்து திருப்பாதீர்கள். உள்ளே கூம்பு வடிவ பித்தளைத் தக்கை இருக்கும், பழைய கிரீஸ் காய்ந்து பிடித்திருக்கும். கழற்றி, பழையதைத் துடைத்து, கேஸ் வால்வுக்கென்றே உள்ள கிரீஸை மிக மெல்லியதாகத் தடவுங்கள். தக்கையின் துளையில் கிரீஸ் போகக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு வால்வு மட்டும்; தக்கைகள் ஒன்றுக்கொன்று மாறினால் கசியும்.

கூம்புப் புரி இணைப்புகளில் கேஸுக்கான மஞ்சள் டேப் சுற்றுங்கள், தண்ணீர்க் குழாய்க்கான வெள்ளை டேப் வேண்டாம். விரிமுனை இணைப்புகளில் எந்த டேப்பும் கூடாது. அங்கே உலோகமே உலோகத்தோடு அழுந்தி அடைத்துக்கொள்ளும், டேப் நடுவில் வந்தால் இடைவெளிதான் உண்டாகும்.

10. கசிவுச் சோதனை

அடிப்பெட்டியில் மேனிஃபோல்டையும் பர்னர்களையும் மாட்டியதும், பெயிண்டுக்கு முன்பே, இதைச் செய்யுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தையும் தண்ணீரையும் கலந்து ஒரு பிரஷ்ஷில் எடுத்துக்கொள்ளுங்கள். பர்னர் வால்வுகளை எல்லாம் மூடி, ரெகுலேட்டரைத் திறங்கள். தோம்பின் வாயில் தொடங்கி ரெகுலேட்டர், குழாயின் இரு முனை, நிப்பிள், மேனிஃபோல்ட், ஒவ்வொரு வால்வின் தண்டு, கடைசியாக ஜெட் நுனி என்று பூசிக்கொண்டே போங்கள்.

பெரிய கசிவு உடனே குமிழியிடும். சின்னக் கசிவு தவளை முட்டைபோல் நுண்ணிய நுரையாக மெல்ல உருவாகும், அதனால் ஒவ்வொரு இடத்திலும் சற்று நின்று பாருங்கள். ஜெட் நுனியில் குமிழி வந்தால் வால்வு முழுதாக மூடவில்லை என்று அர்த்தம். நெருப்பு வைத்துச் சோதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் நிற்கவும் வேண்டாம்.

தோம்பு எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். நம்முடைய 12, 14 கிலோ தோம்புகள் அமெரிக்க 20 பவுண்டுத் தோம்பைவிட உயரம், பழைய தள்ளுவண்டியின் தொங்குமிடத்தில் சேராது. சாய்த்துத் திணிக்காமல் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் வையுங்கள். குழாய் அடிப்பெட்டியின் சூட்டைத் தொடாமலும் யார் காலிலும் சிக்காமலும் போக வேண்டும்.

11. வெப்பத் தகடும் கம்பித்தட்டும்

பழைய எனாமல் தகடுகள் நம் ஈரத்தில் முதலில் ஓட்டையாகும். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவே அதிகமாகிவிடும். உணவுக்கடைகளுக்கு எவர்சில்வர் மேசையும் தள்ளுவண்டியும் செய்து கொடுக்கும் பட்டறையில் கொடுங்கள். கோலாலம்பூரில் சான் சோவ் லின், செகாம்புட் பக்கமும், பினாங்குக்காரர்களுக்குப் பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கமும் இப்படிப்பட்ட பட்டறைகள் உண்டு. 304 ரகம், 1.5 மி.மீ. கனம் என்று சொல்லி, பழைய தகட்டையே மாதிரியாகக் கொடுங்கள். உடைந்த மாதிரியானாலும் மடிப்புக் கோணம் அதில் தெரியும். மெல்லிய தகடு மலிவாக வரும், ஆனால் சூட்டில் முறுக்கிக்கொள்ளும்.

கம்பித்தட்டுக்கும் அதே பட்டறைதான். வீட்டில் மாட்டிறைச்சி புழங்காத குடும்பங்கள் பழைய அடுப்பு வாங்கத் தயங்குவது இந்தத் தட்டுகளை நினைத்துத்தான். தட்டையும் தகட்டையும் புதிதாகப் போட்டு, மீதியை மேலே சொன்னபடி உலோகம் தெரியும்வரை கழுவிவிட்டால் பழைய சமையலின் எச்சம் எதுவும் மிஞ்சாது. என் வீட்டுப் பெரியவர்கள் இதைப் பார்த்த பிறகுதான் அடுப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

வார்ப்பிரும்புத் தட்டை வைத்துக்கொள்வதானால் கழுவியதும் உடனே காயவைத்து, எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, புகை அடங்கும்வரை சூடாக்குங்கள். மூன்று நான்கு தடவை செய்ய வேண்டும். தடிமனாகத் தடவினால் பிசுபிசுப்பாகவே நிற்கும்.

12. பெயிண்டும் மரமும்

இப்போதுதான் பெயிண்ட். அடிப்பெட்டியின் வெளிப்புறத்துக்கும் மூடியின் பக்கவாட்டு அலுமினியத்துக்கும் 600 டிகிரி செல்சியஸ் தாங்கும் பெயிண்ட். உலோகத்தை எமரித் தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, மெல்லிய அடுக்குகளாக அடியுங்கள். மழை வரப்போகும் மாலையில் அடித்தால் ஈரம் மாட்டிக்கொண்டு வெள்ளையாகப் பூக்கும். காலை வெயில் ஏறியபின் அடிப்பது நல்லது. தள்ளுவண்டிச் சட்டத்துக்குப் பவுடர் கோட்டிங் கொடுக்கலாம், சூடு அங்கே வராது.

பக்கமேசையின் மரப்பட்டிகளுக்குத் தேக்கு அல்லது பாலாவ். மெராந்தி மலிவு, ஆனால் வெளியில் வைத்தால் சீக்கிரம் உளுத்துப்போகும்.

13. முதல் தீ

முதல் தீயில் எதையும் சமைக்காதீர்கள். மூடியைத் திறந்து வைத்துப் பற்றவைத்து, எல்லாப் பர்னரும் பிடித்த பிறகு மூடி, அரை மணி நேரம் எரிய விடுங்கள். பட்டறை எண்ணெய், கிரீஸ், பெயிண்டின் புகை எல்லாம் வெளியேறும். பெயிண்ட் இறுகுவதும் இந்தச் சூட்டில்தான். டின்னில் வேறு முறை எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

மூடியை மூடிக்கொண்டு ஒருபோதும் பற்றவைக்காதீர்கள். பற்றவில்லையென்றால் வால்வை அடைத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள்.

சுடரை மாலை மங்கலில் பாருங்கள், வெயிலில் தெரியாது. நீலம், நுனியில் மட்டும் சிறிது மஞ்சள் என்றால் சரி. நம் கேஸில் புரோப்பேனோடு பியூட்டேனும் கணிசமாகக் கலந்திருப்பதால் சுடர் அமெரிக்காவில் எரிந்ததைவிடச் சற்று மஞ்சளாக வரலாம். வென்சுரி வாயில் உள்ள காற்றுத் தடுப்பு திருப்பக்கூடியதாக இருந்தால் கொஞ்சம் திறங்கள். முழுச் சுடரும் மஞ்சளாக ஆடினால் வென்சுரியில் அடைப்பு. சுடர் பர்னரைவிட்டு எழும்பி இரைந்தால் காற்று அதிகம்.

சூடு எங்கே கூடுதல், எங்கே குறைவு என்று பார்க்க ஒரு பாக்கெட் வெள்ளை ரொட்டி வாங்கித் தட்டு முழுக்கப் பரப்புங்கள். ஓரிரு நிமிடத்தில் திருப்பினால் எந்த மூலை கருகியது, எது வெளுத்தே இருக்கிறது என்று தெரியும். ஒரு வரிசை முழுக்க வெளுத்திருந்தால் அந்த பர்னர் துளைகளை மறுபடி பாருங்கள். மூலை மட்டும் வெளுத்திருந்தால் அது அடுப்பின் குணம், மீனை அங்கே ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்.

14. இரண்டாவது அடுப்பு வாங்கும்போது

சேகரிக்கும் ஆசை வந்துவிட்டால் ஒரே குடும்ப மாடல்களோடு நில்லுங்கள். ஐந்து நிறுவனங்களின் ஐந்து அடுப்பு வைத்திருப்பவரிடம் எதற்கும் பாகம் இருக்காது. ஒரே வகையில் மூன்று இருந்தால், அடிப்பெட்டி கெட்ட ஒன்று மற்ற இரண்டுக்கும் வால்வு, கைப்பிடி, கீல், மூடி என்று ஆண்டுக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருக்கும். மூடியின் நிறத்துக்காக வாங்காமல் உடம்புக்காக வாங்குங்கள்.

வைக்கும் இடத்தில் கூரையும் காற்றோட்டமும் வேண்டும். பிளாஸ்டிக் உறையை இறுக்கமாகப் போட்டால் மழைக்கு அப்புறம் உள்ளே ஆவி தேங்கி, உறையில்லாத அடுப்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர்த் துணியால் துடையுங்கள். பயன்படுத்தாத அடுப்பானாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வென்சுரிக்குள் பிரஷ் விடுங்கள். கம்பித்தட்டைத் தேய்க்க எஃகுக் கம்பி பிரஷ் வேண்டாம். அறுந்த கம்பி உணவில் ஒட்டித் தொண்டைக்குப் போகும். தோசைக்கல்லில் தேய்ப்பதுபோல் பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்திச் சூட்டோடு தேய்த்தால் போதும்.

ஒவ்வொரு அடுப்புக்கும் ஓர் அட்டை எழுதுங்கள்: மாடல், ஜெட் அளவு, ரெகுலேட்டர் மாற்றிய தேதி, குழாய் மாற்றிய தேதி, கடைசியாகக் கசிவு பார்த்த நாள். குழாயை இரண்டு வருடத்திலும் ரெகுலேட்டரை ஐந்து வருடத்திலும் மாற்றிவிடுவது நல்லது. அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சூடு வராத பக்கமாகத் தள்ளுவண்டியின் உட்சட்டத்தில் கட்டிவிடுங்கள். அடுப்பை நீங்கள் யாருக்காவது கொடுத்தால் அதுவும் கூடவே போகும்.